டொமைன் விற்க ஒரு பக்கம் கட்டிய கதை

தை மாதக் கடைசியில் திருப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பனியன் கம்பெனிகளுக்கு நூல் வாங்கி விற்பவர். இணையதளப் பெயர்களை, அதாவது டொமைன்களை, வாங்கி விற்பது என் தொழில். என்னிடம் இருக்கும் ஒரு .காம் பெயர் அவருக்கு வேண்டும். நான்கு நாளாக ஆளைத் தேடி, கடைசியில் எனக்குப் பழக்கமான ஒரு வெப் டிசைனரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். "பேரை அடிச்சா ஏதோ ஹோஸ்டிங் கம்பெனி பக்கந்தாங்க வருது. இது விக்கிறதா இல்லையான்னே தெரியலைங்க தம்பி" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அந்தப் பெயருக்கு விற்பனைப் பக்கம் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. உடனே கம்ப்யூட்டரில் திறந்தேன். பக்கம் வந்தது. மேலே பெயர், அதன் கீழே 'விற்பனைக்கு', அதற்கும் கீழே விசாரணைப் படிவம். "எனக்கு வருதுங்களே அண்ணா, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்றேன். அனுப்பினார். அவர் சொன்னதுதான் சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கணக்கை முடித்துக்கொண்ட ஒரு ஹோஸ்டிங்கின் (தளத்துக்கு இடம் தரும் கம்பெனி) வெற்றுப் பக்கம் அவர் போனில் நின்றது.

வைஃபையை அணைத்துவிட்டு என் போனில் மொபைல் டேட்டாவில் அதே பெயரைத் திறந்தேன். எனக்கும் அதே வெற்றுப் பக்கம்.

காரணம், பெயரை அடித்தால் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில் கிடந்தது. ஒரு பெயருக்கு இரண்டு வகை முகவரி எழுதலாம். ஏ ரெக்கார்டு என்பது பழைய வகையான ஐபிவி4 எண், ஏஏஏஏ ரெக்கார்டு என்பது புதிய வகையான ஐபிவி6 எண். சர்வர் மாற்றியபோது நான் ஏ ரெக்கார்டை மட்டும் திருத்தியிருந்தேன். நாலு வரி கீழே பழைய ஹோஸ்டிங்கின் ஏஏஏஏ அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டும் இருந்தால், ஐபிவி6 வசதியுள்ள போன் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பிடிக்கும். என் வீட்டு இணைப்பு ஐபிவி4 மட்டும் தருவது, அதனால் எனக்குப் புதிய சர்வர். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது, அதனால் போனில் வந்தவர்களுக்குப் பழைய இடம். கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டு, பழைய போர்டுகளில் ஒன்றை மட்டும் கழற்ற மறந்த மாதிரி.

அந்த ஒரு வரியை அழித்தேன். பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், அதாவது டிடிஎல், 3600 நொடி என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவரையே மறுபடி திறக்கச் சொன்னேன். "இப்ப வருதுங்க" என்றார். பிறகு டிஎன்எஸ் பட்டியலைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளையை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு என்னிடமுள்ள 130 பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். 11 பெயர்களில் இதே பழைய வரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதத்தில் அந்த வாசல்களில் எத்தனை பேர் வந்து திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்க்க எந்த வழியும் இல்லை. அன்று இரவுதான் எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி கட்டுவது என்று முடிவு செய்தேன். இது அந்த மூன்று வார வேலையின் குறிப்பு.

டொமைன் விற்பவருக்கு இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு பெயர் யாரிடம் இருக்கிறது என்று, பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸில் பார்த்தால் உரிமையாளரின் மின்னஞ்சல், பல நேரம் போன் நம்பர்கூடக் கிடைக்கும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது .காம் முதலிய பெயர்களில் அந்த விவரங்கள் மறைக்கப்பட்டுவிட்டன. 2025 ஜனவரியில் ஹூயிஸின் இடத்தை ஆர்டிஏபி என்ற புதிய முறை எடுத்துக்கொண்டது. அதிலும் சாதாரணமாகத் தேடுபவருக்குப் பெயரும் நம்பரும் தெரியாது. ஆக, வாங்க நினைப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான். பெயரை பிரவுசரில் அடித்துப் பார்ப்பது. அங்கே என்ன வருகிறதோ அதுதான் என் கடை, அதுதான் என் விசிட்டிங் கார்டு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பெயரை முழுசாக அடித்து வந்தவர் ஏற்கெனவே அந்தப் பெயர் வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். அவரிடம் பெயரின் அருமை பெருமையை எடுத்துச் சொல்லி ஆசை காட்ட வேண்டியதில்லை. அவருக்கு இருக்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னால் போதும். என் பழைய பக்கத்தில் இருந்ததெல்லாம் பெருமைதான். 'உங்கள் பிராண்டுக்கு ஏற்ற பிரீமியம் பெயர்' என்று ஒரு வரி, அதைச் சுற்றி நாலு ஐகான், பின்னால் ஒரு நகரத்தின் இரவுப் படம். அந்தப் படம் மட்டும் ஒரு எம்பிக்கு மேல். பதில் என்று எதுவும் இல்லை. விலைகூட இல்லை.

அவர் கேட்ட கேள்விகள்

திருப்பூர்க்காரருக்குப் பெயர் தேவைப்பட்டது, ஆனால் அவசரம் இல்லை. அவர் பையனும் சேர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றார். "அண்ணா, பக்கத்தை மாத்தி எழுதிட்டிருக்கேன். எழுதி முடிச்சா உங்க போன்லயே பார்த்து எது புரியலைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எனக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது. இத்தனை வருடமாக என் பக்கங்களைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் என்னைப் போல டொமைன் வாங்கி விற்பவர்கள். காசு கொடுத்து வாங்கப்போகிறவர் ஒருவர்கூட இல்லை.

அவர் கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்தேன். இது உண்மையிலேயே விற்பனைக்குத்தானா? எவ்வளவு? ஒரு தடவை கட்டுவதா, வருடா வருடம் கட்டுவதா? பணத்தை யாரிடம் கட்டுவது? கட்டிய பிறகு பெயர் எப்படி என் கைக்கு வரும்? நீங்கள் யார்?

மூன்றாவது கேள்வி என்னை யோசிக்க வைத்தது. ரூ. 1,40,000 என்றதும் அவர் அதை வருடச் சந்தா என்று எடுத்துக்கொண்டார். டொமைன் என்றாலே வருடா வருடம் பணம் கட்டுவது என்றுதானே எல்லாருக்கும் தெரியும். விலை ஒரு முறை எனக்கு, ரினிவல் ஒவ்வொரு வருடமும் பெயரைப் பதிவு செய்து தரும் ரிஜிஸ்ட்ராருக்கு என்ற வித்தியாசம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பழகிப்போனது, வெளியே இருப்பவருக்குப் புதுசு. .காம் நடத்தும் வெரிசைன் கம்பெனி ரிஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த வியாபார விலை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. அதன் மேல் ரிஜிஸ்ட்ராரின் பங்கும் வரியும் சேரும். இதைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. இப்போது விலைக்கு அடியிலேயே ஒரு வரி நிற்கிறது: 'இது ஒரு முறை கொடுக்கும் விலை. இதற்குப் பிறகு சாதாரண வருடாந்திர ரினிவல் மட்டும்.'

புதிய பக்கம் அந்தத் தாளின் வரிசையிலேயே போகிறது. பெயர், 'இந்தப் பெயர் விற்பனைக்கு இருக்கிறது' என்ற முழு வாக்கியம், விலை, வாட்ஸ்அப் பட்டன், அதன் கீழே மின்னஞ்சல் படிவம், பிறகு பணமும் பெயரும் எப்படிக் கைமாறும் என்று ஐந்தாறு வரி, கடைசியில் நான் யார் என்று மூன்று வரி. வேறு எதுவும் கிடையாது. பின்னணிப் படத்தை எடுத்துவிட்டேன். மேல் மெனு, 'இதே போன்ற மற்ற பெயர்கள்' பட்டியல் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு பெயரைக் கேட்டு வந்தவருக்கு இருபது பெயரைக் காட்டினால் அவர் கேட்டு வந்ததன் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

விலையைக் காட்டுவதா வேண்டாமா என்று இந்தத் தொழிலில் ஓயாத சண்டை உண்டு. காட்டினால் பெரிய கம்பெனி வரும்போது நஷ்டம் என்பார்கள். மிக அபூர்வமான ஒற்றைச் சொல் பெயர்களுக்கு அது பொருந்தலாம். என்னிடம் இருப்பவை ஐம்பதாயிரத்திலிருந்து மூன்று லட்சத்துக்குள் போகக்கூடிய இரு சொல் பெயர்கள். விலை இல்லாத காலத்தில் எனக்கு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் 'எவ்வளவு?' என்ற ஒரே சொல். பதில் போட்டால் அதோடு சத்தம் இருக்காது. விலை போட்ட பிறகு மெயில் குறைந்தது, ஆனால் வருபவர் விலையைப் பார்த்த பிறகுதான் வருகிறார், பேச்சு நேராக நடக்கிறது. இந்த வகைப் பெயர் வைத்திருப்பவர்கள் விலையைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். கமா விஷயத்தையும் கவனியுங்கள். பிரவுசர் அதன் இஷ்டத்துக்கு 140,000 என்று காட்டியதை நம் முறைப்படி 1,40,000 என்று வரும்படி மாற்றினேன். லட்சத்தில் யோசிப்பவர் எண்ணை நிறுத்தி நிறுத்தி எண்ணக் கூடாது.

பெயரை எழுதும் விதம்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய எழுத்து டொமைன் பெயர்தான், அதுவே வாசிக்கச் சரியாக இல்லை. இந்தப் பெயரில் நூலைக் குறிக்கும் 'யார்ன்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. அதன் கடைசி இரண்டு எழுத்துகள் ஆர், என். சின்ன எழுத்தில், நெருக்கமான ஃபான்ட்டில் எழுதினால் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு எம் மாதிரித் தெரிகின்றன. நூல்காரரின் பையன் முதல் தடவை அதை 'யாம்' என்றே வாசித்தான். அது கிழங்கின் பெயர்! நூல் வியாபாரத்துக்கு விற்க வைத்த பெயர் என் பக்கத்தில் கிழங்குக் கடையாக நின்றிருக்கிறது.

செய்தது இதுதான். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். ஆர், என் பிரிந்து தெரியும் ஃபான்ட்டாகப் பார்த்து மாற்றினேன். இரண்டு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினேன். டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது, எப்படி அடித்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். அதனால் கண்ணுக்கு எது எளிதோ அப்படிக் காட்டலாம். ஒரே எச்சரிக்கை: பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் பல ஃபான்ட்டில் ஒரே கோடாகத் தெரியும். ஐயில் தொடங்கும் சொல் உள்ள பெயர்களுக்கு நான் முதல் எழுத்தைச் சின்னதாகவே விட்டிருக்கிறேன்.

அடுத்தது அகலம். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை 360 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், 15 எழுத்துப் பெயர் பெரிய எழுத்தில் திரையைத் தாண்டி ஓடிவிடுகிறது. என் பழைய பக்கத்தில் '.காம்' என்ற பகுதியே வலப்பக்கம் மறைந்து கிடந்தது. எழுத்தின் அளவு திரையின் அகலத்துக்கு ஏற்ப மாறும்படியும், ஒரு வரியில் அடங்காவிட்டால் இரண்டு சொல்லுக்கு நடுவில் மட்டும் உடையும்படியும் வைத்தேன். சொல்லின் நடுவில் உடைந்தால் பெயர் கெட்டுவிடும்.

தமிழ்ப் பக்கத்துக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. ஆங்கிலப் பக்கத்தின் மேலேயே 'தமிழில்' என்று ஒரு இணைப்பு வைத்தேன். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் அதே சிஎஸ்எஸ் தமிழுக்கு ஒத்துவரவில்லை. ஆங்கிலத்துக்குக் கூட்டிய எழுத்து இடைவெளி தமிழில் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து தள்ளி வைத்துவிடுகிறது. 'விலை' என்ற சொல்லில் லை சிதறி நின்றது. தமிழ்ப் பகுதிக்கு அந்த இடைவெளியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வரிக்கு வரி இடைவெளியை 1.7 ஆக்கினேன். மேல்விலங்கும் கீழ்ச் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காமல் வாசிக்க நன்றாக இருக்கிறது. தனியாக ஃபான்ட் ஏற்றவில்லை. போனிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. முழுப் பக்கமும் ஒரே கோப்பு, 20 கேபிக்குள். சிக்னல் சரியில்லாத இடத்திலும் உடனே வருகிறது.

பூட்டுச் சின்னம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரை அடித்தவரை வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிட ரிஜிஸ்ட்ரார் இலவசமாகத் தரும் யூஆர்எல் ஃபார்வர்டிங்கைத்தான் முதலில் நம்பியிருந்தேன். அதில் இணைப்பைப் பாதுகாப்பாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இல்லை. என்னிடம் இரண்டு .ஆப் பெயர்கள் உண்டு. அவை திறக்கவே இல்லை. .ஆப், .டெவ் இரண்டும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கக் கூடாது என்று பிரவுசருக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட டொமைன்கள். மற்ற பெயர்களில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கையோடு பக்கம் வரும். குரோம் 2018 ஜூலையிலிருந்தே அப்படித்தான் காட்டுகிறது. லட்ச ரூபாய் கேட்கும் பக்கத்தின் நெற்றியில் அந்த வார்த்தை இருந்தால் யார் மெனக்கெடுவார்கள்?

130 பெயருக்கும் கையால் சான்றிதழ் போட முடியாது. விபிஎஸ் என்ற ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் கேடி (Caddy) என்ற சர்வர் மென்பொருளைப் போட்டேன். யாராவது ஒரு பெயரைத் திறக்கும்போது அந்த நொடியில், சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடமிருந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. புதுப்பிப்பதும் அதுவே. இதில் ஒரு காவல் அவசியம். சான்றிதழ் கேட்பதற்கு முன் 'இந்தப் பெயர் நம்முடையதா?' என்று கேடி ஒரு முகவரியில் விசாரிக்கும்படி வைக்க வேண்டும். அந்த முகவரி என் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிறது, பட்டியல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, அதில் இருந்தால்தான் அனுமதி. இது இல்லாவிட்டால் யாரோ கண்ட கண்ட பெயரை நம் சர்வர் பக்கம் திருப்பிவிட்டு, லெட்ஸ் என்க்ரிப்ட் வைத்திருக்கும் சான்றிதழ் உச்சவரம்பில் நம்மை முட்ட வைக்கலாம். பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை எழுத வேண்டும், டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாமல் ஒன்று, சேர்த்து ஒன்று. இன்றும் நிறையப் பேர் அதைச் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள்.

படிவம் படுத்திய பாடு

பழைய படிவத்தில் வந்த விசாரணைகள் எங்கே போயின என்று தேடியபோது ஸ்பேம் பெட்டியில் மூன்று கிடந்தன. ஒன்று ஐந்து மாதப் பழசு. பெங்களூருவிலிருந்து ஒருவர், தொகையோடு ஆஃபர் எழுதியிருந்தார். இப்போது பதில் போட்டேன். வேறு பெயர் வாங்கிவிட்டதாக மரியாதையாக எழுதினார். அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை.

தவறு படிவத்தின் ஸ்கிரிப்டில். வந்தவர் எழுதிய மின்னஞ்சலையே 'அனுப்புநர்' இடத்தில் போட்டு எனக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதாவது, ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர் பெயரில் என் சர்வர் கடிதம் போடுகிறது. கடிதம் உண்மையில் அந்த இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகளில் இது போலிக் கடிதமாகத்தான் தெரியும். யாஹூ 2014-லேயே தன் முகவரியைச் சொல்லி வேறு சர்வரிலிருந்து வரும் கடிதத்தை நிராகரிக்கச் சொல்லி டிமார்க் என்ற விதியைப் போட்டுவிட்டது, யாஹூ முகவரி வைத்திருப்பவர்களின் விசாரணை ஸ்பேமுக்குக்கூட வந்து சேர்ந்திருக்காது. திருத்தம் எளிது. அனுப்புநர் இடத்தில் என் சொந்த முகவரி, 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வந்தவருடையது. கூடவே, மெயில் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு விசாரணையையும் சர்வரில் ஒரு கோப்பில் எழுதிவிட வைத்தேன். மெயில் எங்கே தொலைந்தாலும் கோப்பில் இருக்கும். தினமும் காலையில் காபியோடு அதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

படிவத்தில் மூன்றே பெட்டிகள்: பெயர், மின்னஞ்சல் அல்லது போன், சொல்ல வேண்டியது. கம்பெனி பெயர், பட்ஜெட், நாடு எல்லாவற்றையும் தூக்கினேன். எழுத்துப் புதிர் போட்டு மனிதர்தானா என்று கேட்பதும் இல்லை. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு நான்காவது பெட்டி இருக்கிறது, தானியங்கி நிரல்கள் அதையும் நிரப்பிவிடும், நிரப்பியதைத் தள்ளிவிடலாம். பெரும்பாலான குப்பை இதிலேயே நின்றுவிட்டது.

இருந்தாலும் நம் ஊரில் படிவத்தை நிரப்புபவர் குறைவு. வாட்ஸ்அப் பட்டன்தான் வேலை செய்கிறது. அதை அழுத்தினால் 'வணக்கம், இந்த டொமைன் பற்றிப் பேச வேண்டும்' என்ற செய்தி பெயரோடு தயாராக வந்து நிற்கும்படி இணைப்பை எழுதினேன். இல்லாவிட்டால் 'ஹாய்' என்று மட்டும் வரும், 130 பெயரில் எதைக் கேட்கிறார் என்று நான் திரும்பக் கேட்க வேண்டும். இதற்கென்று தனி நம்பர் வைத்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் கவனித்தேன். நூல்காரர் பக்கத்தின் இணைப்பைத் தன் பையனுக்கு அனுப்பினார், பையன் கூட்டாளி ஒருவருக்கு அனுப்பினான். முடிவெடுப்பவர்களில் இரண்டு பேர் முதலில் பார்த்தது பக்கத்தை அல்ல, வாட்ஸ்அப்பில் தெரியும் சின்ன முன்காட்சியை. அங்கே பழைய பக்கத்தின் நகரப் படமும் அரைகுறைத் தலைப்பும் வந்தன. முன்காட்சிக்கென்று பக்கத்தில் எழுதும் ஓபன் கிராஃப் தலைப்பில் பெயரையும் 'விற்பனைக்கு, ரூ. 1,40,000' என்பதையும் எழுதி, வெள்ளைப் பின்னணியில் பெயர் மட்டும் இருக்கும் ஒரு படத்தை வைத்தேன். ஒருமுறை அனுப்பிய இணைப்பின் முன்காட்சியை வாட்ஸ்அப் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்கிறது, அதனால் சோதிக்கும்போது பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பார்த்தேன்.

விளம்பரமும் வியாபாரக் குறிகளும்

விற்காத காலத்தில் பக்கத்தில் விளம்பரம் ஓடவிட்டு நாலு காசு பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். வருகிற காசு ரினிவலுக்கே காணாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் சட்டம். 1999-லிருந்து, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் யூடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறை இருக்கிறது, .இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி. ஒருவரின் வியாபாரக் குறியை (டிரேட்மார்க்) அவருக்கே அதிக விலைக்கு விற்கும் நோக்கத்தோடு பதிவு செய்தது நிரூபணமானால் பெயர் பறிபோகும். விளம்பரம் மட்டும் ஓடும் பார்க்கிங் பக்கத்தில் தானாக வந்து விழும் விளம்பரங்கள் அந்தக் குறியின் தொழிலையே காட்டினால் அதுவும் எதிராக நிற்கும், நான் போடவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் விளம்பரம் இல்லை. பக்கத்தில் எந்தக் கம்பெனி பெயரையும் 'இவர்களுக்குப் பொருத்தம்' என்று எழுதுவதில்லை. பொதுச் சொற்களால் ஆன பெயர்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அஃப்டர்னிக், செடோ போன்ற சந்தைகள் தரும் தயார் பக்கங்களையும் பழிக்க மாட்டேன். பெயரின் டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பணம், பெயர் மாற்றம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். 2022-ல் கோடேடி வாங்கிய டான் தளத்தின் பக்கங்களைப் பார்த்துத்தான் பெயர், விலை, பட்டன் என்ற எளிமையை நானே கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் வாங்குபவர்தான் அதிகம் என்றால் அதுவே நல்லது. எனக்கு வருபவர்கள் கோவை, திருப்பூர், சென்னை, பெங்களூரு. அவர்களுக்கு டாலரும் ஆங்கிலமும் இடையில் நிற்கின்றன, பேச ஒரு நம்பர் வேண்டும். பெயர்களை அந்தச் சந்தைகளிலும் பட்டியலிட்டுத்தான் வைத்திருக்கிறேன். விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே விற்றால் அங்கே அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஒரே பெயரை இரண்டு பேருக்கு விற்ற நிலை வந்தால் அதைச் சரிசெய்ய நல்ல வழியே கிடையாது.

பணமும் பெயரும்

'பணம் கட்டினால் பெயர் எப்படி வரும்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதத்தான் ஆறு முறை அடித்துத் திருத்தினேன். முதல் வடிவத்தில் ஆத் கோட், அன்லாக், புஷ் என்று எங்கள் பாஷை. "ஒண்ணும் புரியலைங்க தம்பி, பத்திரம் பதியற மாதிரி சொல்லுங்க" என்றார் நூல்காரர். அதையே பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஒரு ரிஜிஸ்ட்ராரிடம் உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறக்கிறீர்கள். நானும் அங்கேயே இருந்தால், என் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பெயரைத் தள்ளுகிறேன், சில நிமிட வேலை. வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போக வேண்டுமென்றால் நான் ஒரு ரகசியக் குறியீடு தருவேன், அதைக் கொண்டு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். .காம் பெயருக்கு ஐந்து நாள் வரை ஆகும், கூடவே ஒரு வருட ரினிவலும் சேர்ந்துவிடும். சமீபத்தில் பதிவு செய்த அல்லது ரிஜிஸ்ட்ரார் மாற்றிய பெயர் பொதுவாக 60 நாளுக்கு வேறு ரிஜிஸ்ட்ராருக்கு நகராது, அப்படியிருந்தால் பக்கத்திலேயே தேதியோடு சொல்லியிருக்கிறேன்.

பணத்துக்கு: முன்பின் தெரியாதவர்கள், பெரிய தொகை என்றால் எஸ்க்ரோ தவிர வேறு வழி சொல்ல மாட்டேன். வாங்குபவர் மூன்றாம் ஆளிடம் கட்டுகிறார், பெயர் கைக்கு வந்ததும் அவர் ஒப்புக்கொள்கிறார், அப்புறம்தான் எனக்குப் பணம். கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டேன்: பாதிப் பாதி.

நூல்காரர் விஷயத்தில் நடுவில் இருவருக்கும் தெரிந்த வெப் டிசைனர் இருந்தார். அதனால் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெயர், விலை, தேதி, எந்தக் கணக்குக்கு மாறுகிறது எல்லாம் அதில் உண்டு. முழுத் தொகையையும் யூபிஐயில் அனுப்பப் பார்த்தார், ஒரு லட்சம் வரம்பு தடுத்தது. வங்கியில் நெஃப்ட் மூலம் ரூ. 40,000 முன்பணம் வந்தது. அன்று மாலை அவர் பையன் கணக்குத் திறந்து, பதிவான மின்னஞ்சலை எனக்கு அனுப்பினான். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். தள்ளியதும் "வந்திருச்சுங்கண்ணா" என்று பையனே கூப்பிட்டான். இரண்டு அடுக்கு உள்நுழைவையும் ஆட்டோ ரினிவலையும் போடச் சொல்லி, போட்டு முடிக்கும் வரை போனிலேயே இருந்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு மீதிப் பணம் வந்தது.

சர்வர் பட்டியலில் அந்தப் பெயரின் இரண்டு வரியையும் அழித்தேன். அஃப்டர்னிக்கிலும் செடோவிலும் எடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு மாலையில் வைஃபையை அணைத்துவிட்டு அந்தப் பெயரைத் திறந்தேன். அடுக்கி வைத்த நூல் கோன்களின் படம் ஒன்று, அதன் கீழே கடை நம்பர். 'டிக்' போட்டு ஏஏஏஏ ரெக்கார்டையும் பார்த்தேன். சரியான இடத்தைக் காட்டியது.